பனி விடும்வரை

தவச்செல்வன் பகலில் வெளியே கூட்டிப்போன மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு உடனே திரும்பத்தான் நினைத்திருந்தான். ஞாயிறு பின்னேரம், சுவிஸின் ஓஸ்டர்முண்டிகனில் தன் பழைய வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றான். மனைவி சிவகலாவைப் பிரிந்துபோன நாளிலிருந்து அந்த வாசலை அவன் தாண்டியதேயில்லை. ஆனால் அன்று கொட்டிய பனியில் முதலில் பஸ் நின்றது, பிறகு ரயிலும் நின்றது. இப்போது அவன் இருக்கும் எம்மன்புரூக்கேக்குப் போக வழியில்லை.

"உள்ளுக்கு வாங்கோ. இந்தப் பனிக்குள்ள எங்க போகப்போறியள்?" என்றாள் சிவகலா.

எட்டு வயதுக் கோபிஷா அதற்குள் அப்பாவின் பையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

விடிந்தபோதும் பனி விடவில்லை. பள்ளிக்கூடம் பூட்டு. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் சிவகலாவுக்கு நல்லகாலம் லீவு. தவச்செல்வன் கீழே போய் அயலவர்களோடு சேர்ந்து வாசல் பனியை அள்ளினான். நனைந்து வந்தவனுக்கு அவள் துவாயை எறிந்தாள். மத்தியானம் மூவரும் பிட்டும் மீன் சொதியும் சாப்பிட்டார்கள்.

"உப்புக் கூடிப்போச்சுதோ?"

"இல்லை. கனகாலத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிடுறன்."

சிவகலா சட்டென்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

ஒருவர் வேலைக்குப் போக மற்றவர் வருவதும், கண்ட நேரமெல்லாம் சண்டையுமாகத்தான் அந்தக் குடும்பம் உடைந்தது. இப்போது வேலையும் இல்லை, வெளியே போகவும் முடியாது. சண்டை பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. அவன் பழைய பகிடிகளைச் சொன்னான், அவள் சிரித்தாள். இருவருக்கும் நடுவில் கோபிஷா படுத்துக் கிடந்து படம் பார்த்தாள்.

மறுநாள் பின்னேரம் கோபிஷா சோபாவில் கிடந்த அப்பாவின் போர்வையைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மாவின் அறைக் கட்டிலில் போட்டாள். சிவகலா தடுக்கவில்லை. அலுமாரியிலிருந்து தோய்த்த தலையணை உறை ஒன்றை எடுத்தாள். அறை வாசலில் நின்று அதைப் பார்த்த தவச்செல்வனின் முகம் மாறியது.

"கலா, நான் ஒரு விசயம் சொல்லத்தான் வந்தனான்."

"சொல்லுங்கோவன்." அவள் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"என்னோட வேலை செய்யிற மேர்சி... நாங்கள் இப்ப ஒண்டாத்தான் இருக்கிறம். அவ பிள்ளைத்தாச்சி."

சிவகலா உறையைத் தலையணையில் இழுத்துப் போட்டு முடித்தாள்.

"வந்த உடன சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் இருந்தனான். நீர் சிரிச்சீர், பிள்ளையும் சிரிச்சது. எனக்கு வாய் வரேல்லை."

"அதுக்காக என்னை நம்ப விட்டனீங்களோ?"

அவன் கட்டிலில் கிடந்த தன் போர்வையை எடுத்து மடித்தான்.

"பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கோ."

"என்னால ஏலாது, கலா."

அடுத்த நாள் வெயில் எறித்தது. தெருப்பனியைத் தள்ளும் வாகனம் வந்து போனது, ரயிலும் ஓடத் தொடங்கியது. அவன் மகளைக் கொஞ்சிவிட்டு, "போட்டு வாறன்" என்றான். சிவகலாவின் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனான்.

"அப்பா வேலை முடிஞ்சு இஞ்சதானே வருவார்?" என்று கேட்டாள் கோபிஷா.

சிவகலா அவளைப் பக்கத்தில் இருத்தினாள். அப்பாவின் வீடு இனி எம்மன்புரூக்கேதான் என்றாள், அவர் அன்பு குறையாது என்றாள். அங்கே ஒரு குழந்தை பிறக்கப்போவதையும் மெல்லச் சொன்னாள். பிள்ளை உடைந்து அழப்போகிறாள் என்று எண்ணி அவளைப் பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

கோபிஷாவின் கண்கள் விரிந்தன.

"அப்ப எனக்குத் தம்பி வரப்போறானோ, அம்மா?"

சிவகலா இதை எதிர்பார்க்கவில்லை. அவள் கண்கள் நிறைந்தன.

"ஓம்" என்றாள். "தம்பியோ தங்கச்சியோ, உன்ர சகோதரம்தான்."

"பிறகேன் அழுறீங்கள்?"

பிரிந்துபோன அன்றுகூட அழாத சிவகலா, மகளின் தோளில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள். ஒன்றும் விளங்காத பிள்ளை தாயின் முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தது.