பதினோரு மாத நாற்காலி

தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது என்றதும் பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே? இரண்டு வருடம்! படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருடமாகச் சின்னவன் வீட்டிலேயே கிடந்தான். முதல் வருடம் பார்க்கிற கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம் போட்டான். போன இடமெல்லாம் "முன் அனுபவம் இருக்கா?" என்று ஒரே பல்லவி. வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்? ஒரு புண்ணியவானும் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் வருடம் விண்ணப்பமும் நின்றது, பேச்சும் நின்றது. சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். ஒருநாள் அம்மா அவன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

வேலையை வாங்கிக் கொடுத்தவளே பெரியவள்தான். ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் புகார் மேசை அவளுடையது. பயிற்சியாளர் என்று பேர், சம்பளமும் அந்தப் பேருக்கு ஏற்றதுதான். ஆனால் போனில் "சத்தம் எப்படி வருது சார்? தடதடன்னா, உய்யுன்னா?" என்று கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவாள். மெக்கானிக்குகள் அவளைக் கேட்டுத்தான் வண்டியில் சாமான் ஏற்றுவார்கள். ஒரு வருடம் முடிந்தால் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பதினோராவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

அந்த மாதத் தொடக்கத்தில்தான் மேனேஜர் அவள் மேசைக்கு வந்தார்.

"நல்ல பையன் யாராவது இருந்தா சொல்லும்மா. ஒரு இடம் காலியாகுது."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. குடோனில் ஒருவர் நின்றுவிடப் போவதாகப் பேச்சு. அந்த இடம் என்று தானாகவே நினைத்துக்கொண்டாள். அசடு! எந்த இடம் சார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

"என் தம்பி இருக்கான் சார். என்னைவிடக் கெட்டிக்காரன்" என்றாள். அதோடு விட்டாளா? ஒரு வாரம் அவனை எதிரே உட்கார வைத்து, மேனேஜர் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று தயார் செய்தாள்.

சனிக்கிழமை உத்தரவு வந்தது. சின்னவன் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றான். அம்மா போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியவள் அப்போதுதான் உத்தரவை வாங்கிப் படித்தாள். "புகார் மேசை, பயிற்சியாளர். பதினோரு மாதம்" என்றிருந்தது. இன்னொரு தடவை படித்தாள். அந்தக் கம்பெனியில் புகார் மேசை ஒன்றுதான்.

"என்னக்கா?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

திங்கட்கிழமை காலை தம்பியை முன்னறையில் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குள் போனாள்.

மேனேஜர் மழுப்பவில்லை. "பன்னெண்டு மாசம் முடிஞ்சா நிரந்தரம் பண்ணியாகணும்மா. கட்டுப்படியாகாது. இதுவரை யாருக்கும் பண்ணினதில்ல."

"எனக்கு முன்னாடி இருந்த பொண்ணு? கல்யாணமாகிப் போயிட்டான்னு சொன்னீங்களே சார்?"

"சொன்னேன்."

அவர் தலைக்கு மேலே, இளைஞர்களுக்கு அதிக வேலை கொடுத்ததற்காக வாங்கிய கேடயம் தொங்கியது. அட பாவிகளா! ஒரே நாற்காலியில் ஆளை மாற்றி மாற்றி உட்கார வைத்து, அத்தனை பேருக்கும் வேலை கொடுத்தோம் என்று கணக்குக் காட்டி வாங்கிய கேடயம்!

"சார், அது என் தம்பி சார்."

"அதனாலதாம்மா எடுத்தேன். மனசு வெச்சுச் சொல்லிக் கொடுப்பே. இந்த ஒரு வாரத்துல எல்லாத்தையும் கத்துக் கொடுத்துடு."

அவள் கைகூப்பினாள். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தம்பி வேண்டாம்னா சொல்லு, இப்பவே அனுப்பிடறேன். வெளியே இருபது பேர் நிக்கறாங்க. ஆனா நீ போறது போறதுதான்."

அவள் வெளியே வந்து தம்பியைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். போன் அடித்தது. எப்படிக் கேட்க வேண்டும், எதை எழுத வேண்டும் என்று காட்டினாள். அவன் கெட்டிக்காரன்தான், மூன்றாவது போனைத் தானே எடுத்தான். மதியத்துக்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, அப்ப நீ எங்க உட்காருவே?"

அவள் புகார் நோட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் முகம் வெளுத்துப் போயிற்று. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"எனக்கு வேண்டாம்க்கா. உன் இடத்தைப் பிடுங்கிக்கிட்டு எனக்கு ஒரு வேலையா? நான் போறேன்."

"எங்க போவே? அந்த ரூமுக்கா?"

அவன் தலை குனிந்தான். பெரியவள் அவனுடைய இரண்டு தோளையும் பிடித்து, பலத்தையெல்லாம் கூட்டி, கீழே அழுத்தினாள். தாழ்ப்பாள் கழற்றிய கதவுதான் கண்ணுக்குள் நின்றது.

"உட்காருடா. நீ எழுந்தா வேற யாராவது உட்காருவாங்க. என் கண்ணுல்ல, உட்காரு."

அவன் உட்கார்ந்தான். கன்னமெல்லாம் ஈரமாகக் கேட்டான்.

"பதினோரு மாசம் கழிச்சு?"

மறுபடி போன் அடித்தது. அவள் எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"பேசு."