நீலக் கம்பளிக் கையுறை

அரபு நாட்டு ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில் கொடுத்த பிளாஸ்டிக் பையைச் சீதாராமன் அவசரமாகப் பிரித்தார். மகன் ஷ்யாமின் கைக்கடிகாரம், கார் சாவி, அடியில் ஒரு ஜோடி நீலக் கம்பளிக் கையுறை. கையுறையை மட்டும் எடுத்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டார். மனைவி தாமரை இன்னும் காரிலிருந்து இறங்கவில்லை.

போன லீவில் ஊட்டியில் அவள் வாங்கியது. பாராசூட் கட்டிக்கொண்டு பதின்மூவாயிரம் அடியிலிருந்து குதிக்கிற பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமோ என்று கவலைப்பட அவளால்தான் முடியும்.

ஷ்யாமோடு குதித்த அஸ்கர் அலி நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"மேல மைனஸ்ல இருந்துச்சு அங்கிள். மெல்லிசா தோல் க்ளவுஸ் தரேன்னேன். 'அம்மா குடுத்ததுடா'ன்னு இதையே போட்டுக்கிட்டான். எறங்குறப்ப ரெண்டு பிடியையும் ஒண்ணா இழுக்கணும். கம்பளியில வலது பிடி வழுக்கிருச்சு. பாராசூட் ஒரு பக்கமா திரும்பி, அப்படியே தரையில..."

"ஆன்ட்டிகிட்ட சொல்லிடாதப்பா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தார்.

இப்போது அதே அஸ்கர் தாமரையைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, நான் ஒண்ணு சொல்லணும்..."

சீதாராமன் குறுக்கே வந்தார்.

"அஸ்கர்! பேப்பர் ரெடியான்னு உள்ள கேட்டுட்டு வா. யல்லா, போ!"

அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

"அந்தப் பையன எதுக்கு வெரட்டுறீங்க?" என்றாள் தாமரை. பிறகு, "க்ளவுஸ் போட்டிருந்தானாமா?"

 இல்லையென்று அவர் சொன்னால், பிள்ளை குளிரில் விறைத்தானே என்று காலமெல்லாம் அழுவாள். ஆமாம் என்றால், மீதியை என்றைக்காவது யாராவது சொல்லிவிடலாம்.

"ஏங்க, ஒங்களத்தான்."

"போட்டிருந்தான்."

இரண்டு நாளில் முதல்முறையாக அவள் முகம் இளகியது.

"நல்லவேளை. என் பேச்சக் கேட்டிருக்கான்."

கோட்டுப் பையிலிருந்து நீல நூல் ஒன்று தொங்கியதை அவள் பார்த்துவிட்டாள். தானே கையை விட்டுக் கையுறைகளை எடுத்தாள். ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"உள்ள ஐஸ்ல வச்சிருக்காங்களாமே. மாட்டி விடுங்க."

"வேணாம் தாமரை."

"ஊருக்குப் போற வரைக்கும் கை சில்லுன்னு கெடக்கணுமா?"

உள்ளே, இடது கையுறை எளிதாக ஏறியது. வலது கை விரல்கள் விரியவில்லை.

"கட்டவெரல் வெளியவே நிக்குது பாருங்க" என்றாள் தாமரை, பின்னாலிருந்து.

சீதாராமன் கட்டைவிரலை மெல்ல உள்ளே தள்ளி, கையுறையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டார்.