குகையண்ணனின் மூச்சு

என் தங்கையின் கணவர் ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் பழுதுபார்க்கிறவர். இளமையில் அவருக்குத் திக்குவாய். அதுவும் லேசுப்பட்ட திக்கல் இல்லை. என் தங்கை ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சரிசெய்யக் கொடுத்தபோது, "நாளைக்கு வாங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய்த் திரும்புவது வீண் அலைச்சல் என்று அவள் அங்கேயே இருந்துவிட்டாள். முப்பத்தொரு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள்.

மாப்பிள்ளையின் வாயைத் திறந்துவிட்டது எந்த வைத்தியரும் இல்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு ரெக்கார்டு. அட்டையின் முன்பக்கம் கிழிந்துபோயிருந்தது. நடுவில் ஒட்டியிருந்த தாள் தண்ணீர் பட்டு எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. மிஞ்சியது பின்னட்டைதான். அதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறார், தோளில் கிதார், இடுப்பு வரை முடி. ராக் இசையில் முடியை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் குரல் இருக்கிறதே, மலை ஒன்று தொண்டையைச் செருமிக்கொண்டு பாட உட்கார்ந்தது போல இருக்கும். முதல்முறை அதைப் போட்டபோது மேஜை மேல் சிதறிக் கிடந்த திருகாணிகள் அளவு வாரியாக வரிசையில் நின்றன. கண்ணால் பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன். ஒரு சொல், பிறகு நீளமான ஒரு மூச்சு, பிறகு அடுத்த சொல். மாப்பிள்ளை அந்தக் குரலோடு வாயால் கூடவே நடந்து பழகினார். ஒரு வருஷத்தில் வாடிக்கையாளர்களோடு பேசினார். இரண்டாம் வருஷத்தில் என் தங்கையோடு வாதாடினார். மூன்றாம் வருஷமும் வாதாடினார். ஜெயித்ததில்லை. அதற்கெல்லாம் ரெக்கார்டு கிடையாது.

பாடகர் பெயர் தெரியாததால் 'குகையண்ணன்' என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கடையில் கூடுகிற கூட்டம். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற நான், மாப்பிள்ளை, ஒரு பஸ் டிரைவர். கடைச் சுவரில் பதினோரு ஆணிகள். யார் பெரிய கலைஞரோ அவருடைய ரெக்கார்டு அட்டை அதில் தொங்கும். முதல் ஆணியில் குகையண்ணனின் பின்னட்டை. பன்னிரண்டாவது ஆணி அடித்தால் அது பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், புதிதாக ஒருவர் ஏற வேண்டுமானால் பழைய ஒருவர் இறங்க வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு சண்டை.

எங்கள் சட்டம் கண்டிப்பானது. முன்மொழிகிறவர் ரெக்கார்டைப் போட வேண்டும். பிறகு எழுந்து நின்று, இவர் ஏன் இந்தச் சுவருக்கு உரியவர் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாது. நடுவில் யாரும் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

பஸ் டிரைவர் எதையும் சுலபத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார். கைதட்டல் வாங்கினவன் எல்லாம் பெரியவன் இல்லை, கேட்டவனை எழுப்பி எதையாவது செய்ய வைத்தவன்தான் பெரியவன் என்பது அவர் கட்சி. சுவரில் தொங்குகிற ஒருவர் அவரைக் கிதார் வாங்க வைத்தார். அதை அவர் வாசிக்கத் தொடங்கியதும் அவர் பஸ்ஸில் கடைசி நிறுத்தத்துக்கு முன்பே எல்லாரும் இறங்கிவிடுவார்கள்.

இன்னொரு தீர்மானமும் போட்டிருந்தோம். ரெக்கார்டில் சின்னத் தட்டு நாற்பத்தைந்து வேகத்தில், அதாவது நிமிஷத்துக்கு அத்தனை சுற்று சுற்றும், ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. ஒரே பாட்டோடு வருகிறவர்கள் எங்கள் படி ஏறக் கூடாது. பெரிய தட்டு, முப்பத்து மூன்று வேகம், அதுதான் மரியாதை. இதை ஏகமனதாக நிறைவேற்றி, பிளேயரில் வேகம் மாற்றும் குமிழையே மாப்பிள்ளை பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார். கட்டை மாதிரி ஒரு சிறு கம்பி மட்டும் நின்றது.

அப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரம்மா தன் கிதார் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். சுவரைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பதினொண்ணும் ஆம்பளைங்களா?"

நாங்களும் திரும்பிப் பார்த்தோம். அப்படித்தான் இருந்தது. அத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. பஸ் டிரைவர், ஆணி அடித்தவர் முந்தைய கடைக்காரர், எங்களைக் கேட்டுப் பயனில்லை என்றார். அடுத்த ஞாயிறு ஒருவரைக் கொண்டு வருகிறேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார்.

கொண்டு வந்தார். பெரிய தட்டு. எங்களுக்குத் திருப்தி. அட்டையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தை அடைக்காமல் விட்ட வைத்தியரைத் தான் மதிப்பதாக டாக்டரம்மா சொன்னார். மாப்பிள்ளை தட்டை வைத்து ஊசியை இறக்கினார்.

வந்தது குகையண்ணன்.

மூவரும் எழுந்து நின்றுவிட்டோம். பஸ் டிரைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"டாக்டரம்மா, கவர் மாறிப்போச்சு," என்றார் மாப்பிள்ளை, அந்த நிதானமான நடையில். "இது எங்க அண்ணன்."

"உங்க அண்ணன் ஏன் சார் தூக்கத்துல பாடுறாரு?"

பெரிய தட்டிலும் சிலது நாற்பத்தைந்தில் ஓட வேண்டியவை என்று அவர் விளக்கினார். அவருடைய தட்டின் நடுத்தாளில் அது அச்சாகியே இருந்தது. வேகம் மாற்றலாம் என்றால் குமிழ் இல்லை. டாக்டரம்மா கைப்பையிலிருந்து பல் பிடுங்கும் குறடை எடுத்தார். கட்டைக் கம்பியைப் பிடித்தார். "வலிக்காது," என்று பழக்கதோஷத்தில் அதனிடம் சொல்லிவிட்டு ஒரு திருகு திருகினார்.

அதன் பிறகு நடந்ததை நான் குறைத்துத்தான் சொல்கிறேன். மலை எழுந்து ஓடியது. கடையின் இரும்புக் கதவை ஒரே இழுப்பில் தூக்கினால் வெளிச்சம் உள்ளே பாயுமே, அப்படி ஒரு பெண்குரல் அறைக்குள் பாய்ந்தது. சொற்கள் தரையில் கால் பாவாமல் போயின. மேஜைத் திருகாணிகள் இந்தமுறை வரிசையில் நிற்கவில்லை, தாங்களாகவே மரையில் ஏறிக்கொண்டன. தெருவில் போன சைக்கிள்கள் நின்றன. காலை ஊன்றாமலே நின்றன, ஒன்றும் சாயவில்லை. பாட்டு முடிந்தது.

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முதல் எழுத்து வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. மறுபடி முயன்றார். மறுபடி நின்றது. முப்பது வருஷத்துக்கு முந்தைய அந்த முகத்தை நான் மறுபடி பார்த்தேன்.

அவர் யாருடைய நடையைப் பிடித்துக்கொண்டு பேச வந்தாரோ, அப்படி ஓர் ஆளே இல்லை. வேகம் தப்பிச் சுற்றிய ஒரு தட்டுதான் இருந்தது.

வாரம் முழுக்க மாப்பிள்ளை பேசவில்லை. வாடிக்கையாளர்களுக்குச் சீட்டில் எழுதிக் காட்டினார். தங்கை என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணா, வாயை மூடுங்க வாயை மூடுங்கன்னு அவர்கிட்ட முப்பது வருஷம் சொன்னேன். இப்ப வீட்டுல குழாய் சொட்டுறது கேக்குது. எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது பண்ணு."

லிஃப்ட் என்றால் எதைத் திருகுவது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு கூடினோம், டாக்டரம்மாவும் வந்திருந்தார். தங்கையும் மாடியிலிருந்து இறங்கி வந்து படியில் உட்கார்ந்தாள். இல்லாத ஆளுக்கு எதற்கு ஆணி, குகையண்ணனை இறக்கிவிடலாம் என்று பஸ் டிரைவர் ஆரம்பித்தார். கேட்டவனைச் செய்ய வைத்தவன்தான் பெரியவன் என்று சொன்னது நீதானே, ஓர் ஊமையைப் பேச வைத்தவனை விடப் பெரியவன் யார் என்று நான் மடக்கினேன். செய்தது யார், அந்த ஆளைக் காட்டு என்றார் அவர். காட்ட முடியவில்லை. டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. தன் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

மாப்பிள்ளை வேண்டாம் என்று கையை அசைத்தார். டாக்டரம்மா விட்டுப்போன குறடு மேஜையில்தான் இருந்தது. முப்பத்து மூன்றில் முதல் வரியைப் போட்டார். ஊசியை எடுத்தார். குறடால் திருகி நாற்பத்தைந்தில் அதே வரி. மறுபடி முப்பத்து மூன்று. மறுபடி நாற்பத்தைந்து. ஏழெட்டுத் தடவை இருக்கும். ஸ்பீக்கர் மேல் காதை வைத்துக் கேட்டார். அவர் சொல்லைக் கேட்கவில்லை, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் எதையோ தேடுகிறார் என்று எனக்குப் பட்டது.

பிறகு எழுந்து நின்றார். எழுந்து நின்றால் எங்கள் சட்டப்படி முன்மொழிவு. வாயால்தான் சொல்ல வேண்டும்.

முதல் சொல் வர எவ்வளவு நேரம் ஆனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சுவர்க் கடிகாரம் மரியாதைக்காக நின்றுவிட்டது. பஸ் டிரைவரின் உதடு துடித்தது, ஆனால் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. தங்கை சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளை ஒரு மூச்சு வாங்கினார். நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

"இவங்க... ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாடியும் மூச்சு வாங்குறாங்க," என்றார். இன்னொரு மூச்சு. "வேகமா ஓடும்போது அது காதுல விழாது. நான் தப்பா ஓட்டினதுனால... எனக்கு மட்டும் கேட்டுச்சு." இன்னொரு மூச்சு. "குரல் யாருதுன்னு ஏமாந்தேன். மூச்சு இவங்களுதுதான். நான் கத்துக்கிட்டது... அந்த மூச்சைத்தான்."

உட்கார்ந்துவிட்டார்.

பஸ் டிரைவர் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். ஒரு கை போதும், அவர் இரண்டையும் தூக்கினார். நானும் தூக்கினேன். ஓட்டுரிமை இல்லாத தங்கையும் தூக்கினாள்.

இப்போது யாரை இறக்குவது என்ற கேள்வி வந்தது. டாக்டரம்மா யோசித்தபடி தன் அட்டையைப் பின்பக்கம் திருப்பினார். முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி, தோளில் கிதார், இடுப்பு வரை முடி. சுவரிலிருந்த குகையண்ணனின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். புகையும் தூசியும் படிந்ததைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை. முப்பது வருஷமாக அவர் அங்கேதான் நின்றிருக்கிறார். நாங்கள்தான் முதுகைப் பார்த்து அண்ணன் என்று கூப்பிட்டிருக்கிறோம். சுவரில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, மன்னிச்சுக்கங்க," என்றார் பஸ் டிரைவர் அட்டையைப் பார்த்து. எங்கள் கூட்டத்தில் அவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

பிளேயரின் கட்டைக் கம்பிக்கு இப்போது குமிழ் இருக்கிறது. டாக்டரம்மா கொடுத்த, பிளாஸ்டரில் வார்த்த ஒரு கடைவாய்ப்பல். இரண்டு வேகத்துக்கும் வழுக்காமல் திரும்புகிறது. ரெக்கார்டை ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு தடவை போடுகிறோம், முதலில் அக்கா ஓட, பிறகு அக்கா நடக்க.

கை தூக்கிய அந்த ஞாயிறு நாங்கள் கலைகிற நேரத்தில் ஒரு பெண் பழைய இஸ்திரிப் பெட்டியோடு படியேறி வந்தாள். மாப்பிள்ளை அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். எல்லாரும் நின்றுவிட்டோம். அவர் மூச்சு வாங்கினார்.

"நாளைக்கு வாங்க," என்றார்.

அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டார்.