ஏழு சீட்டு போதும்

என் மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே ஏழு பெண்கள். மதிய ஷிப்டுக்கு நாளொன்றுக்கு மூன்று பேர் வேண்டும். "எப்பப் பாத்தாலும் அவகூடவே என்னைப் போடுறீங்கக்கா" என்று ஆளாளுக்கு மூக்கைச் சிந்தவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து புதுப் பட்டியல் போட்டாள். எந்த இருவரை எடுத்தாலும் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சேர்ந்து வருவார்கள். முணுமுணுப்பு அடங்கியது.

அந்த மாதம் ஊழியர் சங்க ஆண்டுவிழாவில் குலுக்கல் வைத்தார்கள். ஒன்று முதல் ஏழு வரை உள்ள எண்களில் மூன்றை எழுதி, ஆளுக்கு ஒரு சீட்டுப் போடலாம். குலுக்கலில் வரும் மூன்று எண்ணும் பொருந்தினால் பிரிட்ஜ். இரண்டு பொருந்தினால் டேபிள் ஃபேன்.

பட்டியலில் இருந்த ஏழு பெயருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்தாள் என் மனைவி. ஒரு நாளில் சேர்ந்து வரும் மூவரின் எண்கள் ஒரு சீட்டு; நாளுக்கு ஒன்றாக ஏழு சீட்டு. அதன்படியே பெண்களை எழுதச் சொன்னாள்.

புள்ளிவிவரப் பிரிவு அதிகாரி சிரித்தார். "மொத்தம் முப்பத்தஞ்சு விதமா எழுதலாம்மா. ஏழை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"ஃபேனாவது நிச்சயம் சார்."

"குலுக்கல்ல ஏதும்மா நிச்சயம்?"

ஆம்புலன்ஸ் ஓட்டுநரான நான் கடைசி வரிசையில் நின்றேன். இரண்டு வந்தது. நான்கு வந்தது. பிறகு ஐந்து.

சலவைப் பெண்களில் மூன்று பேர் எழுந்தார்கள். 2-4-6. 2-5-7. 1-4-5. மூன்று ஃபேன்.

அதிகாரி நேரே வந்தார். "எப்படிம்மா?"

"எந்த ரெண்டு நம்பரை எடுத்தாலும் எங்க சீட்டு ஏதாவது ஒண்ணுல ஜோடியா இருக்கும் சார். வர்ற மூணும் ஒரே சீட்டுல இருந்தா பிரிட்ஜ். இல்லாட்டி மூணு ஜோடியும் மூணு சீட்டுல இருக்கும்."

அவர் டைரியைத் திறந்து முப்பத்தைந்தையும் எழுதிப் பார்த்தார். அரைமணி நேரம் யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

"ஒண்ணுகூடத் தப்பலை. எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

"பத்தாவதோட சரி சார். கணக்குல நாப்பத்தொண்ணு."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கைகுலுக்கினார். அந்த ஏழு பெண்களும் ஏதோ தாங்களே நாடு பிடித்ததுபோல நிமிர்ந்து நின்றார்கள்.

அதன் பிறகு ஒரு வாரம், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் "அது என் வீட்டுக்காரி" என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். ஆம்புலன்ஸில் ஏற்றிய ஒருவரிடம்கூடச் சொன்னேன். அவருக்குக் காலில்தான் அடி; காது நன்றாகவே கேட்டது.