வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

1

கன்னியப்பனுக்கு நான் ஓர் உதவி செய்தேன். இந்தக் கதையை எழுத அதுதான் காரணம்.

1978இல் வேலூரில் நன்னடத்தை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வேலை செய்த ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பிலேயே ஆட்டுத்தோல் திருடிய கன்னியப்பனை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பவில்லை. ஓராண்டு வாராவாரம் வந்து கையெழுத்துப் போடவேண்டும், தவறினால் சிறை. முதலாளியும் வேலையைவிட்டு நீக்கவில்லை. மூன்றே கையெழுத்து பாக்கி இருக்கும்போது அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

2

முதல் தொடக்கம்: ‘ஆம்பூர் தோல் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியருகே, குற்ற உணர்வில் வெந்து...’

(வேண்டாம். அவர் முகத்தில் நான் பார்த்தது பஸ் களைப்பு மட்டும்தான்.)

இன்னொன்று: திங்கட்கிழமை. கன்னியப்பன் கையைக் கழுவிக்கொண்டு அரைநாள் லீவு கேட்கிறார். மேஸ்திரி நிசார் அஹமது எல்லோர் காதிலும் விழும்படி கேட்கிறார்:

“இன்னா கன்னியப்பா, மாமியார் வூட்டுக்கா? விருந்து ஜாஸ்தியோ?”

“கம்மிதான் பாய். கையெழுத்து போட்டா போதும்னுட்டாரு மாமனாரு.”

குழியைச் சுற்றிச் சிரிப்பு.

3

ஆம்பூர் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. தெற்கேயிருந்து வந்த எங்கள் அதிகாரி சம்பந்தம் அது தெரியாமல் கையெழுத்து நாளைத் திங்கள் என்று போட்டிருந்தார். பத்தாவது மாதம் நான்தான் சொல்லி வெள்ளிக்கு மாற்றினேன். இனி லீவும் வேண்டாம், கேலியும் இல்லை.

“சந்தோஷந்தானே?” என்றேன்.

“சரிங்க” என்றார். கையெழுத்துப் போட்ட பிறகும் மேஜையைவிட்டு நகரவில்லை. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

4

மாற்றிய பிறகு வந்த ஒரு திங்கட்கிழமை. கன்னியப்பன் தானாகவே மேஸ்திரியிடம் போகிறார்.

“பாய், இன்னிக்கு மாமியார் வூடு இல்ல.”

“அதான் மாத்திட்டாங்களாமே. வேலயப் பாரு.”

(இது என் கற்பனை. அவர் வருவது நின்ற பிறகு நான் ஷாப்புக்கு விசாரிக்கப் போனபோது நிசார் அஹமது சொன்னது ஒரு வரிதான்: “திருட்டுக்கு அப்புறம் அவனோட யாரும் பேசறதில்ல சார். திங்கக்கிழம கேலி பண்றதோட சரி.”)

வாரத்தில் ஒரே ஒருமுறை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதை நான்—

5

போன சிறையிலாவது அவருக்குப் பேச்சுத்துணை கிடைத்தது என்று முடித்துப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அது எனக்குச் சௌகரியமான முடிவு.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அது நடந்தது. கதையில் இன்னும் நடக்கவில்லை. ஆம்பூரில் வேலூர் பஸ் புறப்படப் போகிறது. “ஏறுறியா இல்லியா?” என்கிறார் கண்டக்டர். கன்னியப்பன் படியருகே நிற்கிறார். இதற்குமேல் அவரை நகர்த்த எனக்கு அருகதையில்லை.

அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து இடத்தில் உங்கள் பை இருக்கிறது.