நிகாண்ட்ரோ கடையில் ஹெர்மிலா கேட்ட மீன்

1

எவோதியோ அண்ணனின் பணி ஓய்வு விருந்துக்குப் போய் வந்த அன்றே இதை எழுத உட்கார்ந்தேன். விருந்து அவருடையது. ஆனால் மனதில் நின்றவள் ஹெர்மிலா. நாங்கள் மூவரும் வெராகுரூஸ் துறைமுக நகரில் ஒரே தடத்தில் பேருந்து ஓட்டியவர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஹெர்மிலா ஒரு சர்க்கரை நோயாளி.’ வேண்டாம். வாசகர் உடனே பரிதாபப்படத் தயாராகிவிடுவார். அடுத்து: ‘கடல் அன்று வெள்ளியைப் போல—’ கடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நேராகவே சொல்கிறேன்.

2

ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க அவளுக்கு அடுத்த வாரம் மருத்துவப் பரிசோதனை இருந்தது. சர்க்கரை இறங்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வண்டி ஓட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு எந்த வேலையிலும் மனம் ஒட்டாது. (அவள் பேருந்தை வளைவில் திருப்பும் அழகைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ரொம்ப அழகாக வந்துவிட்டதால் எடுத்துவிட்டேன்.)

விருந்து நடந்த நிகாண்ட்ரோவின் சாப்பாட்டுக் கடையில் எவோதியோ எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார்: பொரித்த மீன், இறால் சோறு, குளிர்பானம்.

“எனக்கு வேற சொல்லிக்கிறேன்ணே” என்றாள் ஹெர்மிலா.

“ஆரம்பிச்சிட்டியா! என் விருந்துல வந்து ஆஸ்பத்திரிச் சாப்பாடா? தழையைத் தின்னுட்டு ஆடு மாதிரி கத்தப் போற.”

“கத்துனா நல்லதுதான். என் வண்டில ஹாரன் ரிப்பேர்.”

3

அதற்குள் நிகாண்ட்ரோவே ஒரு தட்டில் பூரணம் வைத்துப் பொரித்த, எண்ணெய் மினுங்கும் எம்பனாடாக்களோடு வந்து அவள் முன் வைத்தார். “இது என் கையால பண்ணதும்மா. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டமாயிடும்.”

முதல் வரைவில் இந்த இடத்தில் அவளுக்கு ஒரு நீண்ட பிரசங்கம் எழுதியிருந்தேன். அவள் அப்படிப் பேசவே இல்லை.

“தோன் நிகாண்ட்ரோ,” என்று மரியாதையாக அழைத்தாள். “நாள் முழுக்க அடுப்புக்கிட்டயே நிக்கிறீங்க. நீங்க என்ன சாப்பிடுவீங்க?”

“நானா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “பொரிச்சதை நான் தொடறதில்ல. வயிறு தாங்காது. மீனைத் தக்காளி, பூண்டு வெச்சு இலையில சுத்தி ஆவில வேக வைப்பேன். கூட கொஞ்சம் கருப்பு பீன்ஸ், சும்மா வேக வெச்சது.”

“அதையே குடுங்க. சோள ரொட்டி, டோர்டியா ஒண்ணு போதும். இந்த எம்பனாடால ஒண்ணுல பாதி பிச்சுக்கிறேன், உங்க கைக்காக.”

“அது மெனுலயே கிடையாதேம்மா!”

“உங்க வயித்துல இருக்குல்ல?”

சிரித்துக்கொண்டே உள்ளே போனார். இலையைப் பிரித்ததும் எழுந்த மணத்தில் மேசையே அவள் பக்கம் சாய்ந்தது. எவோதியோ ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய்க்குக் கை நீட்டினார். தட்டை இழுத்துக்கொண்டாள்.

“ஆடு மாதிரி கத்துங்கண்ணே, தரேன்.”

கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது.

4

உணவில் கட்டுப்பாடு உள்ளவர்கள் விருந்தில் ஓரமாக, தண்டனை அனுபவிப்பவர்களைப் போல உட்காருவார்கள் என்றே நினைத்திருந்தேன். இவள் யாரையும் நோகடிக்கவில்லை, தன்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அந்தத் தைரியம் வராது.

பரிசோதனை முடிந்த பிறகு, எழுதியதை அவளிடம் கொடுத்தேன்.

“என்னை ஏன்டா மாதா சிலையாக்கி வெச்சிருக்க? கடைசில இனிப்பு வந்துதே, உன் தட்டுல இருந்து ஒரு ஸ்பூன் திருடினேனே, அது எங்க?”*

“சேர்த்துடறேன். முடிவுதான் ரெண்டு எழுதி வெச்சிருக்கேன். உரிமம் கிடைச்ச மாதிரி ஒண்ணு, கிடைக்காத மாதிரி ஒண்ணு.”

“ரெண்டையும் கிழிச்சுப் போடு. சர்க்கரை இறங்கியிருந்தா நான் சாப்பிட்டது சரி, இறங்கலைன்னா தப்பா?”

பரிசோதனை முடிவு எனக்குத் தெரியும். எழுத மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆகவே, பேருந்தை இப்போது ஓட்டுவது யார் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்த மதியம் அவள் முள்ளை நிதானமாக ஒதுக்கி, விரலை நக்கி, எங்கள் எல்லோரையும்விட ருசித்துச் சாப்பிட்டாள்.

* சேர்த்துவிட்டேன். உண்மையில் இரண்டு ஸ்பூன்.