றெக்கைக்காரரின் வலது பாதம்

பார்வதி அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்தபோது கீழ்த்தட்டில் ஒரு பாதம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. நீலப் பூட்ஸ் போட்ட வலது பாதம். பீடத்து முளையில் பொருந்தி, எப்போதும்போல நேராக முன்னால் பார்த்து நின்றது. கணுக்காலுக்கு மேலே ஒன்றுமில்லை. அந்தப் பாதத்துக்குச் சொந்தக்காரர் பின்பக்கமாகச் சாய்ந்து, தன் சிறகுகளின்மேலேயே மல்லாந்து கிடந்தார். ஒன்றரை அடி உயரம். இறகு இறகாகத் தகட்டில் வெட்டிப் பொருத்திய இரண்டு சிறகுகள். உண்மையான துணியில் தைத்த கறுப்பு மேலங்கி. முகத்தில் மட்டும் ஒரு மாறுதலும் இல்லை. உலகத்தைக் காப்பாற்றப் போகிறவரின் அதே முகம், பங்களாவின் மரக்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கையிலிருந்த ஓவியத் தூரிகையைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஜூலை மாதத்து மூடுபனி சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது.

நாகலூருக்கு மேலே இருந்த அந்தச் சிறிய காப்பி எஸ்டேட்டின் முதலாளி ஜேசுதாஸ் பதினாறு வருஷம் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். அப்பா இறந்த பிறகு தோட்டத்தைப் பார்க்க மலைக்குத் திரும்பியபோது, மற்ற கப்பல்காரர்களைப்போல அவர் டேப் ரெக்கார்டரும் கம்பளியும் கொண்டு வரவில்லை. இருபத்தாறு மரப்பெட்டிகள் லாரியில் வந்தன. ஒவ்வொரு துறைமுகத்திலும் தேடித் தேடி வாங்கிய சாகச வீரர்கள். படக்கதைகளில் வானத்தில் பறப்பவர்கள், கட்டடங்களைத் தூக்குபவர்கள். ஒவ்வொன்றும் ஒரு நல்ல கறவை மாட்டின் விலை என்று எஸ்டேட்டில் பேச்சு. யாராவது பொம்மை என்றால் ஜேசுதாஸின் முகம் சுருங்கும். "பொம்மை இல்லைங்க, ஃபிகர்" என்பார். கல்யாணம் ஆகாத மனிதர் வீட்டில் இருபத்தாறு ஃபிகர் இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டுவரை சிரித்தார்கள்.

பார்வதி சிரிக்கவில்லை. பதினோரு வருஷமாக அந்தப் பங்களாவில் துடைப்பது அவள் வேலை. பீங்கான் கோப்பையோ விளக்குக் கண்ணாடியோ அவள் கையில் உடைந்ததாக ஒருவர் சொல்ல முடியாது. ஜேசுதாஸ் அலமாரியைக் காட்டி, எப்படித் தொட வேண்டும், தூரிகையை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. இரண்டாம் தட்டுப் பச்சைக்காரருக்கு முழங்கால் தளர்ந்துவிட்டது. ஈர நாட்களில் அரை அங்குலம் குனிவார். சிவப்பு முகமூடிக்காரருக்கு இடுப்பு ரப்பர் இற்றுப்போகிறது. தூக்கும்போது மேலுடம்பைப் பிடிக்கக் கூடாது. வெள்ளிப் பூச்சு போட்டவர், தொடுகிற கையின் வியர்வை பட்டால் கறுப்பார். ஆளைப் பார்த்தால் உலகத்தை உருட்டிவிடுவார்கள்போல இருந்தாலும், செய்தவன் எங்கோ ஓரிடத்தில் சிக்கனம் பிடித்திருந்தான். அந்த இடத்தை அவள் விரல்கள் கண்டுபிடித்துவிடும். சந்தையில் தக்காளியைத் தொட்டதும் தெரிகிற மாதிரி.

இப்போது மல்லாந்து கிடக்கும் றெக்கைக்காரரிடம் மட்டும் அவள் குறை கண்டதில்லை. அவர்தான் அலமாரியின் ராஜா. பெட்டியில் என்னவோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. ஜேசுதாஸே இப்போது றெக்கைக்காரர் என்றுதான் சொன்னார்.

சமையல்கார அத்தாயி கதவோரத்தில் வந்து நின்றாள். பார்த்தாள். வாயில் கைவைத்தாள்.

"அட சாமி. போட்டுட்டியா?"

"நான் எங்க போட்டேன்? தொறந்தேன், கெடக்குது."

"காத்தா வந்து தள்ளுச்சு? மூடுன அலமாரிக்குள்ள?"

"அதான் தெரியல."

"தெரியலன்னு அய்யாகிட்டச் சொல்லிப் பாரு" என்றாள் அத்தாயி. "உன்ற கையி தங்கக் கையின்னு சொல்லிட்டே திரிஞ்சயல்ல. தங்கமும் ஒருநாளைக்கு வழுக்குமாட்ட இருக்குது."

பகல் உணவுக்கு வந்த மாதப்பனிடம் பின்வாசலில் வைத்துச் சொன்னாள். அவன் எஸ்டேட்டின் காப்பிப் பழத்தோல் உரிக்கும் இயந்திரத்துக்கு ஃபிட்டர், அவள் புருஷன். கேட்டுவிட்டு, களியை விழுங்கினான்.

"ட்யூப் ஒட்டுற சொல்யூசன் என்கிட்ட இருக்குது புள்ள. ஒட்டி நிப்பாட்டிரலாம். அய்யா சேலத்துல இருந்து வர நாலு மணியாவும்."

"ஒட்டுனா நான் போட்டதுன்னு ஆயிரும்."

"ஒட்டாட்டியும் அதே பேச்சுத்தான."

"இல்லீங்க" என்றாள் பார்வதி. "ஒட்டாட்டி அவிங்க சொல்றது. ஒட்டுனா நானே சொன்ன மாதிரி."

ஜேசுதாஸ் நாலரை மணிக்கு ஜீப்பிலிருந்து இறங்கினார். அவள் அவரை நேராக அலமாரிக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். அவர் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். றெக்கைக்காரரை அவர் ஒரு ஜப்பானியத் துறைமுகத்தில் மூன்று மாதச் சம்பளம் கொடுத்து வாங்கி, கடல் கொந்தளித்த இரவுகளில் தன் படுக்கையில் கிடத்திவிட்டுத் தரையில் படுத்தவர். அவர் சத்தம் போட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"பரவாயில்ல பார்வதி" என்றார். "பதினோரு வருஷத்துல ஒரு தடவை. கை தவறுறது எல்லாருக்கும் வர்றதுதான்."

"கை தவறலீங்க அய்யா."

"சரி, சரி. விடு."

"தொறக்கறப்பவே கெடந்துச்சுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்று அவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே இந்த அலமாரிய நானே தொடைச்சுக்கறேன். உனக்கும் வேலை அதிகம்."

அவள் தலையாட்டினாள். தொழிலாளர் வீடுகள் இருந்த லைனுக்கு இறங்கும் பாதையில் காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியாமல் நடந்தாள். திருட்டுப் பட்டம் கட்டியிருந்தால் எதிர்த்துப் பேசலாம். மன்னிப்பை எப்படி எதிர்த்துப் பேசுவது? செய்யாத குற்றத்துக்கு அவர் கொடுத்த மன்னிப்பு, அளவு சரியில்லாத சட்டையைப்போல, வீடுவரைக்கும் அவள்மேல் தொங்கிக்கொண்டே வந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. ஜேசுதாஸ் கோயிலுக்குப் போயிருந்தார். பார்வதி கூடத்துக்கு வந்தாள். துடைக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவைத் திறந்து, தரையில் கால் மடித்து உட்கார்ந்து, விழுந்தவரை விட்டுவிட்டு நின்றுகொண்டிருப்பவர்களைத் தொட்டாள். கீழ்த்தட்டில் பக்கத்தில் நின்ற சுத்தியல்காரரின் கணுக்காலை மெல்ல நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்தது. எடுத்த பிறகும் பிறைபோல ஒரு தடம் நின்றது. அடுத்தவர் காலும் அப்படியே. களத்தில் மூன்றாம் நாள் காய்கிற காப்பிக் கொட்டை மாதிரி, மேலே காய்ந்தும் உள்ளே காயாமலும். மேல் தட்டுகளில் தொட்டுப் பார்த்தாள். பச்சைக்காரர், வெள்ளிக்காரர் எல்லோரும் கல்லாக இருந்தார்கள்.

கீழ்த்தட்டு மட்டும் ஏன்?

சுத்தியல்காரரின் பீடத்தை நகர்த்தினாள். பீடத்தின் பின்னால் குண்டுமணி அளவுக்குக் கரைந்துபோன ஒரு வெள்ளை உருண்டை, பிளாஸ்டிக்கில் தனக்கென ஒரு குழியைத் தோண்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்திருந்தது.

ரசகற்பூரம், துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை. மே மாதக் கடைசியில் அவள்தான் போட்டாள். பன்னிரண்டு உருண்டைகள். போன வருஷ மழையில் மேலங்கிகளில் வெள்ளைப் பூசணம் பிடித்து, அவள் ஒவ்வொரு இழையாகத் துடைத்தெடுத்திருந்தாள். இந்த மலையில் கம்பளிக்கும் பட்டுப் புடவைக்கும் கல்யாண போட்டோவுக்கும்கூட அதைத்தான் போடுவார்கள். அது இல்லாத டிரங்குப்பெட்டி நாகலூரில் கிடையாது. துணிக்கு நல்லது, உடுத்தியிருப்பவருக்கும் நல்லது என்றுதான் நினைத்தாள். கண்ணாடித் தட்டு அடைத்துக்கொண்டதால் அந்த வாசம் கீழேயே தங்கி, இரண்டு மாதமாக மூன்று பேரின் கால்களையும் சத்தமில்லாமல் இளக்கியிருந்தது.

அவள் உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்தாள். எல்லாம் சேர்ந்து ஒரு பிடி பயறுகூட இல்லை. முந்தானையில் முடிந்துகொண்டால் போதும். பீடங்களின் குழிகளைக் கப்பலில் பட்ட அடி என்று அவரே நினைத்துக்கொள்வார். ஒரு முறை கை தவறிய பார்வதி என்ற பெயர் மட்டும் மிஞ்சும். அதையும் இரண்டு மழையில் மறந்துவிடுவார்கள். சொன்னாலோ, ஒருவரை உடைத்தவள் மூன்று பேரைக் கெடுத்தவள் ஆவாள்.

ஆனால் அவள் போடவில்லை. இந்தக் கை யாரையும் கீழே போடவில்லை. அதைச் சொல்ல இது ஒன்றுதான் வழி.

ஜேசுதாஸ் உள்ளே வந்தபோது அவள் அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். உள்ளங்கையை நீட்டினாள்.

"அய்யா, நான் போடலீங்க. ஆனா நாந்தானுங்க."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் குழிகளைக் காட்டினாள். நகத்தடத்தைக் காட்டினாள். பூசணத்துக்குப் பயந்து போட்டதைச் சொன்னாள். அழவில்லை, அவள் குரல் கணக்குப்பிள்ளையிடம் பழ எடை சொல்லும் குரலாக இருந்தது. அவர் உடைந்த பாதத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். உடைந்த இடம் வெடித்திருக்கவில்லை. மிட்டாயைப் பிய்த்ததுபோல இழுபட்டுப் பிரிந்திருந்தது. விழுந்து உடைந்தால் அப்படி இருக்காது என்பது இன்ஜினியருக்குத் தெரியும். நேற்றே தெரிந்திருக்க வேண்டும். அவர் காது சிவந்தது.

"ரெண்டு மாசமா தெனமும் இந்த வாசத்துல உக்காந்துதான் பேப்பர் படிச்சேன்" என்றார். "கம்பளி வாசம்னு நெனச்சேன். நேத்து நான் பேசுனது தப்பு பார்வதி."

"நீங்க திட்டவே இல்லீங்களே."

"அதத்தான் சொல்றேன்."

பிறகு அவர் அந்தக் கணுக்காலைச் சுரண்டினார். உள்ளே பேனா மூடிபோலக் கூடு. "இத்தன கனமான தகட்ட முதுகுல வெச்சிட்டு, உள்ள கம்பிகூட இல்லாம விட்டிருக்கான். மூணு மாசச் சம்பளம்."

"அதுமட்டும் இல்லீங்க" என்றாள் பார்வதி. சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "அவுரு நிக்கறதே சரியில்லீங்க."

மூவரையும் நிழலில், காற்றோட்டமான பரண்மேல் பதினைந்து நாள் காயவைத்தார்கள். கால்கள் மறுபடி இறுகின. மாதப்பன் சைக்கிள் கம்பியைவிட மெல்லிய பித்தளைத் தண்டு ஒன்றை அரத்தால் ராவி, முழங்காலிலிருந்து பாதம்வரை உள்ளே இறக்கினான். "இயந்திரத்துக்கே இப்பிடிப் பாத்துப் பாத்துச் செஞ்சதில்லீங்க" என்றான். "இனி உலகம் சாஞ்சாலும் இவுரு சாய மாட்டாருங்க."

ஜேசுதாஸ் பெட்டியின் படத்தைப் பார்த்தே அவரை நிறுத்தினார். நெஞ்சு முன்னால், தோள் பின்னால், கால்கள் நேராக. பாதம் உடையவில்லை, ஆனால் பூட்ஸின் முனைகள் மெல்லப் பீடத்தைவிட்டு மேலெழுந்தன. சிறகுகள் பின்னால் இழுத்தன. ஜேசுதாஸ் பிடித்துக்கொண்டார்.

"கொடுங்க" என்றாள் பார்வதி.

அவள் றெக்கைக்காரரின் இடுப்பை முன்னால் மடித்தாள். முழங்கால்களைக் கொஞ்சம் வளைத்தாள். ஒரு காலை ஓர் அங்குலம் முன்னால் எடுத்து, தலையைத் தாழ்த்தினாள்.

"பெட்டியில இப்படி இல்லையே" என்றார் ஜேசுதாஸ்.

"பெட்டிப் படத்துல இருக்கறவுருக்கு முதுகுல கனம் இல்லீங்க அய்யா. இவுருக்கு இருக்குதுங்க. பழ மூட்டையோட மேட்டுல ஏறுறவிங்க யாராச்சும் நெஞ்ச நிமித்திட்டு ஏறுவாங்களா? ஏறுனா மல்லாந்துதான் வுழோணும்."

குனிந்த தலையும் மடங்கிய காலுமாக நின்றவரை ஜேசுதாஸ் சுற்றி வந்து பார்த்தார். படக்கதையின் எந்தப் பக்கத்திலும் அவர் அப்படி நின்றதில்லை. ஆனாலும் இப்போதுதான் அவர் எதையோ சுமந்துகொண்டு எங்கோ போகிறவராக இருந்தார். கதவோரத்திலிருந்து அத்தாயி எட்டிப் பார்த்தாள்.

"ஏ பார்வதி, இவுரு மூட்டை செமக்கற நம்ம சின்னனாட்டவே இருக்கறாரு போ" என்றாள்.

அடுத்த வாரம் அலமாரியைத் துடைக்கும் தூரிகை, யாரும் எதுவும் சொல்லாமல், மறுபடி அவள் கூடையில் இருந்தது.

தீபாவளி கழிந்து, மழை ஓய்ந்த ஒரு காலையில் சிங்கப்பூரிலிருந்து இருபத்தேழாவது பெட்டி வந்தது. ஜேசுதாஸ் அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் பிரிக்காமல் காத்திருந்தார். பார்வதி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வரும்வரை, முன்வாசலுக்கும் மேசைக்கும் நான்கு தடவை நடந்திருப்பார்.

"பாத்துச் சொல்லு" என்றார். "தேறலைன்னா திருப்பி அனுப்பிடலாம்னு கடைக்காரன் எழுதியிருக்கான்."

வைக்கோலுக்குள்ளிருந்து அவள் எடுத்தது ஒரு பெண்ணை. அலமாரியில் இதுவரை பெண்ணே இல்லை. பின்னலில்லாத நீண்ட கூந்தல் இடுப்புக்குக் கீழே வரைக்கும் அலையாக வார்க்கப்பட்டிருந்தது. ஒரு கையில் ஈட்டி, தூக்கிய முகவாய். ஜேசுதாஸ் பீடத்தை எடுத்து நீட்டினார். பார்வதி வேண்டாமென்று தலையசைத்தாள். ஈட்டி பிடித்த கையை இரண்டு நெல்லளவு இறக்கினாள். பின்னால் தொங்கும் கூந்தலின் கனத்தை விரலால் நிதானித்து, இடது குதிகாலைச் சிறிது பின்னால் வைத்தாள். வெறும் மேசைமேல் அவளை நிறுத்தி, ஒரு விரலால் மட்டும் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

திறந்த ஜன்னல் வழியாக வெயில் வந்து ஈட்டியின் நுனியில் உட்கார்ந்தது. ஜேசுதாஸ் மூச்சை அடக்கியிருந்தார். பார்வதி விரலை எடுத்தாள்.